முதலில் இது மட்டும்

மாத்தளையில் எல்கடுவ பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர்தான் சொன்னார். "நம்ம பாக்கியம் டீச்சர் காலையில தவறிட்டாங்களாம். ஒங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. ஒரு கையில் விடைத்தாள் கட்டு, மறு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமும் நினைவிருக்கும். தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு. நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொன்னால் அவருடைய இரண்டாம் வகுப்பும் சேர்ந்து கத்தும். அவரோ கணக்குப் பாடம் தொடங்குமுன் கரும்பலகையை முழுக்கத் துடைப்பார். சுவரில் தொங்கும் படங்களைத் திருப்பிப் போடுவார். பிறகு ஒரே ஒரு கணக்கு. "மொதல்ல இது மட்டும்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்படி ஆமை வேகத்தில் போனால் பாடத்திட்டம் எந்தக் காலத்தில் முடியும்?

இனக்கலவரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது செல்வி என்ற பிள்ளை திரும்பி வந்தாள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்துபோயிருந்தன. முன்பு விரல்விட்டுக் கூட்டியவள், இப்போது ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். தகப்பன் வந்து வாசலில் நின்றார்.

"தலையில ஏறமாட்டேங்குதுங்க. கொழும்புல ஒரு வீட்டு வேலைக்குப் பிள்ள கேக்குறாங்க. அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"ஒங்க வீட்டுல கொழுந்து பறிக்கிறாங்கல்ல?" என்றார் டீச்சர். "கூடையில அமுக்கி அமுக்கி நெறச்சா என்னாகும்?"

"சூடேறிச் செவந்துபோகும்ங்க."

"இந்தப் பிள்ள தலையும் இப்ப அப்பிடித்தான் இருக்கு. கொஞ்சம் காத்துப் படட்டும். பொங்கல் வரைக்கும் விடுங்க."

அன்றிலிருந்து செல்விக்கு ஐந்து தேயிலைக் கொட்டை மட்டும். நாள் கணக்கில் அதே ஐந்து. மூன்றும் இரண்டும் என்று பிரிப்பாள், மறுபடி சேர்ப்பாள். யோசிக்காமலே அது வாயில் வந்த பிறகுதான் டீச்சர் ஆறைத் தொட்டார். "ஒன்னு தானா வந்தாத்தான் அடுத்ததுக்கு எடம் கெடைக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

பொங்கல் கழிந்து தகப்பன் வந்தார், கையில் அவளுடைய உடுப்புப் பையோடு. டீச்சர் ஏழையும் ஐந்தையும் பலகையில் எழுதினார். செல்வி தலையைக் கவிழ்க்கவில்லை. "அஞ்சுல மூன எடுத்து ஏழுக்குக் குடுத்தா பத்து. மிச்சம் ரெண்டு. பன்னெண்டு."

அந்த மனிதர் பையைக் கை மாற்றிப் பிடித்தார். "சரி, படிக்கட்டும்" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அதற்கு மேல் டீச்சராலும் அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று டீச்சர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தார். போன வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: சோதனைச் சாவடியில் என் மகனைப் பிடித்து வைத்தது, அரிசி விலை, பள்ளிக்கூடத்துப் புது அதிபரின் கெடுபிடி, என் முழங்கால். மெலிந்த கையை உயர்த்தினார்.

"ஒன்னொன்னா சொல்லுங்க டீச்சர். மொதல்ல மகன் மட்டும்."

மகனைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் வீடு திரும்பிவிட்டான் என்பது, சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். பஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. விடைத்தாள் கட்டையும் போத்தலையும் காலடியில் இறக்கி வைத்தேன். முதலில் பாக்கியம் டீச்சர் மட்டும். அப்போதுதான் அழுகை வந்தது.