தெளிவாக எழுதிய பெண்

காப்பியடிக்காத ஒரு பெண்ணைக் காப்பியடித்தவள் என்று பலர் முன்னால் சொன்னேன். சில வருடங்களுக்கு முன், தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், எம்.ஏ. தத்துவ மாணவர்களின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் நடந்தது இது. ஓய்வுபெற்ற பேராசிரியரான என்னைத் தேர்வாளராக அழைத்திருந்தார்கள்.

அவளுக்கு ஊர் ஆற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூர். ஜெர்மனியிலும் பிரான்சிலும் வளர்ந்த தத்துவத்துக்கு இனி எதிர்காலம் உண்டா என்று தமிழில் ஆய்வேடு எழுதியிருந்தாள். அவள் காட்டிய உதாரணம் இது: வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைகிறோம். பழகிய நாற்காலிகூட யாருடையதோபோல் தெரிகிறது. பழகியதைப் புதிதாகப் பார்க்க வைப்பதுதான் அந்தத் தத்துவத்தின் வேலை, ஆற்றங்கரை ஊர்களில் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தாள்.

ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அதுதான் உறுத்தியது. ஆயுசு முழுக்க அந்தத் தத்துவத்தோடு முட்டிமோதியவன் நான். எதைப் படித்தாலும் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடு என்று வகுப்புதோறும் சொன்னவன்.

"யாரும்மா எழுதிக் குடுத்தா?"

"நானேதான் எழுதினேன் சார்."

"இந்த சப்ஜெக்ட் இவ்ளோ ஈஸியா புரியாதேம்மா."

"கம்ப்யூட்டர் எழுதியிருக்கும் சார்" என்று பக்கத்திலிருந்த இன்னொரு தேர்வாளர் சிரித்தார்.

"எந்தப் பக்கத்துல வேணா கேளுங்க சார், சொல்றேன்" என்றாள். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தேறவில்லை என்று எழுதிவிட்டு எழுந்தேன். அவளுக்கு வேறொரு ஊரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அது கைநழுவிப் போனது.

சில மாதம் கழித்து, குரோம்பேட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் அவள் பேசினாள். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆளாளுக்குக் குறுக்கே கேட்டார்கள். ஆய்வேட்டில் இருந்த அதே தெளிவோடு பதில் வந்தது. எழுதியது அவளேதான் என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தது.

தவறு என்னுடையது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஆய்வேட்டை மறுபடி மதிப்பிட்டதில் தேறினாள். போன இடம் போனதுதான். மன்னிப்புக் கேட்க வீடு தேடிப் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. நிஜமாவே."

"நானும் அன்னிக்கு நிஜத்தைத்தான் சார் சொன்னேன்."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. இப்போதெல்லாம் ஒரு எழுத்து எனக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டால், எழுதியவரை விட்டுவிட்டு, அதை நம்ப மறுக்கும் என்னைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.