ஜன்னலில் பாதி

வேலாயிக்கு ஐம்பது வயதில் ஒரு வீடு கிடைத்தது. அதற்குள் ஆட்கள் இருந்தார்கள்.

பதுளையில் துணிக்கடை வைத்து அங்கேயே தங்கியிருந்த அவள் தம்பி தங்கராஜா, பெண்டு பிள்ளை இல்லாதவன், 1911இல் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். தன் வீட்டின் உறுதிப் பத்திரத்தை அக்காள் பெயருக்கே எழுதி வைத்திருந்தான். சேதி, அவள் கொழுந்து பறித்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அன்றே வேலாயி கங்காணியிடம் போய் வேலைப் பதிவில் தன் பெயரை வெட்டச் சொன்னாள். பெயர் வெட்டினால், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவளிருந்த ஒற்றையறைக் காம்பராவையும் விட வேண்டும். "எனக்குச் சொந்த வீடு இருக்குங்க" என்று அந்த மனிதனின் முகத்துக்கு நேரே சொன்ன ருசியில், இனித் திரும்பிவர இடமில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பசறை வழியாக மூட்டையோடு நடந்து, மறுநாள் பகலில் வாசலில் வந்து நின்றாள். இரண்டே அறை. முன்னறையில் தையல்காரர் இப்றாஹீமின் மெஷின். உள்ளறையில் அவரும் மனைவி ஜெனீராவும் பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம்.

"வாங்க அக்கா." இப்றாஹீம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. "ஒங்கட தம்பி வாக்குத் தந்தவர். நீங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கிற மட்டும் இங்கயே இருங்கன்னு."

"அப்ப நான் எங்க இருக்கிறதுங்க நானா?" முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே கேட்டாள்.

"அதத்தான் யோசிக்கிறேன்" என்று ஊசியில் நூல் கோத்தார்.

யோசனை மூன்று நாள் நடந்தது. வேலாயி முன்னறையில் வெட்டுத் துணிகளுக்கு நடுவே படுத்தாள். விடிந்து வாடிக்கைக்காரர்கள் வந்ததும் எழுந்து வெளியே நின்றாள். நாலாம் நாள் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன நானா, கூட்டிப் பெருக்க ஆள் வச்சாச்சா?" என்றார். இப்றாஹீம் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.

வேலாயி விறுவிறுவென்று உள்ளே போனாள். தோட்டத்தில் ஒருவரைக் கிளப்ப ஒரே வழிதான் உண்டு. சட்டி பானையைத் தூக்கி வெளியே வைப்பது. அவள் புருஷன் செத்த மாதம், கங்காணி அவளை மூலைக் காம்பராவுக்குத் தள்ளியதும் அப்படித்தான். அடுப்பில் ஆறிக் கிடந்த சோற்றுப் பானையை இறக்கி வாசல் சாக்கடைக் கானோரம் கொண்டுபோனாள்.

ஜெனீரா பின்னாலேயே வந்தாள். "எங்க மேல கோவம்னா எங்களப் பேசுங்க. சோறு என்னக்கா செஞ்சிச்சு?"

வேலாயி குனிந்து பார்த்தாள். பானையை உடம்பில் படாமல், விளிம்பை மட்டும் பிடித்திருந்தாள். கங்காணி பிடித்தது அச்சு அசல் அதே பிடி. அநியாயம் பட்டவர்கள் நியாயம் கற்றுக்கொள்வார்கள் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் கற்பது அநியாயத்தின் செய்முறையைத்தான்.

பானையை இடுப்பில் அணைத்து அவளே திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இந்த அறையில எனக்குப் பாதி வேணும். நானா, நாலு சாக்கச் சேத்துத் தைங்க."

"இது கோட்டுத் தைக்கிற மெஷின் அக்கா."

"என் வீட்டுக்குள்ளதான ஓடுது?"

அவர் தைத்தார். தான் முன்னறையிலேயே படுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். லயத்தில் ஒரே காம்பராவில் இரண்டு குடும்பங்கள் நடுவே சாக்குக் கட்டிக்கொண்டு இருந்ததுண்டு. வேலாயி தேர்ந்த கையோடு கயிறு கட்டினாள். அடுப்போரமிருந்த பின்பாதியில் மூட்டையை வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பகல் இரண்டு மணிக்கு அங்கே இருட்டு.

சாக்கின் கண்களில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. விலக்கிப் பார்த்தாள். ஜெனீரா ஜன்னலடியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவும் அதற்கு மேலே மலையும் தெரிந்தன. லயத்துக் காம்பராவில் ஜன்னல் கிடையாது. முப்பது வருடப் பழக்கத்தில் வேலாயியின் கால் தானாகவே இருட்டுக்கு நடந்திருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஜெனீரா, கயித்த அவுரு."

"பாதி கேட்டீங்க, பாதி தந்தாச்சே."

"பாதின்னா ஜன்னல்லயும் பாதி."

"இந்த மனுசி நாளைக்கு என்ட புருசன்லயும் பாதி கேக்கும்."

"ஒம் புருஷன நீயே வச்சுக்க. வாயில்லாத மனுசன்."

முன்னறையில் மெஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

ஜன்னலுக்கு இரட்டைக் கதவு. இரண்டுக்கும் நடுவிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். ஆளுக்கொரு கதவு. வேலாயியின் பக்கத்துக் கதவு வருடக்கணக்காகத் திறக்காமல் இறுகியிருந்தது. தாழ்ப்பாளை எந்தப் பக்கம் திருப்புவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெனீராவிடம் கேட்கவுமில்லை. உள்ளங்கையால் அடித்து அடித்தே திறந்தாள்.