பெரிய டயர் வண்டியும் காத்தவராயனின் வலது கையும்

ஆரணி என்றால் பட்டுச்சேலை என்பார்கள். விட்டால் அரிசி என்பார்கள். அதோடு அந்த ஊரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல், ஒரு லாரியின் மேல் உயிரை வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே இருந்தார் என்றால் யார் காதில் ஏறப்போகிறது? காத்தவராயன் என்று பெயர். சேவூர்ப் பக்கம் வீடு. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

லாரி அவருடையது அல்ல, பட்டு வியாபாரி குமரேசனுடையது. தொண்ணூற்றேழில் ராணுவ ஏலத்தில் எடுத்துவந்து சாயப்பட்டறை வாசலில் நிறுத்தினார். “சேல விக்கறவருக்கு சண்டைக்குப் போற வண்டி எதுக்குங்க?” என்று தெருவே சிரித்தது. குமரேசனின் எண்ணம் வேறு. ஜவ்வாது மலையிலிருந்து சாமை, புளி, கடுக்காய் எல்லாம் இறக்கலாம். தார் ரோடு முடிந்த பிறகு வரும் ஏழு கிலோமீட்டர் மண் பாதையில் வேறு லாரி எதுவும் ஏறாது. இவர் லாரியும் முதல் மழையிலேயே சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மனிதர் விடுகிறவர் இல்லை. நெஞ்சு உயரத்துக்கு டயர் தேடிப் பிடித்து மாட்டினார். வண்டி புதைவது நின்றது. கூடவே ஸ்டியரிங் திரும்புவதும் நின்றது.

மூன்று டிரைவர்கள் வந்து போனார்கள். அதில் ஒருவர் நடுவழியில் டீ குடிக்க இறங்கினார், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார். நாலாவதாக வந்தவர்தான் காத்தவராயன். அவர் அந்த வண்டியை உட்கார்ந்து ஓட்டியதே இல்லை. வளைவு வந்தால் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இடது காலை ஊன்றி, தோளை ஸ்டியரிங் மேல் சாய்த்து, மொத்த உடம்பையும் கொடுத்துத் திருப்புவார். மலை ஏறி முடிக்கையில் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். ஆனால் அந்த இரும்பு வட்டம் அவரிடம் பேசியது. முன் டயருக்கு அடியில் இருப்பது சரளையா, வேரா, வழுக்குப் பாறையா என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மலையின் இருபத்தொரு வளைவுக்கும் அவரே பேர் வைத்திருந்தார். மொட்டைப் பாறை, நாவல் மரம், மாமியார் முழங்கை.

“எனக்கு சக்களத்தி ரோட்டுல நிக்குதுடி” என்று அவர் மனைவி லீலா குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புதான் என்றாலும் அதில் பாதி நிஜம்.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசி மழையில் அது நடந்தது. ஓடையைக் கடக்கும்போது தண்ணீருக்குள் கிடந்த பாறையில் முன் சக்கரம் மோதியது. ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழன்றது. விட்டிருக்க வேண்டும், காத்தவராயன் விடவில்லை. விட்டிருந்தால் வண்டி ஓடையோடு போயிருக்கும். வண்டி நின்றது, வலது தோள் கழன்றது. ஆஸ்பத்திரியில் தோளைத் திரும்ப உட்காரவைத்தார்கள். ஆனால் அதன் பிறகு அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியவில்லை.

அப்புறம் இரண்டு வருஷம். குமரேசன் நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. சாயப்பட்டறையில் விறகு இறக்குவதை மேற்பார்க்கச் சொன்னார். லாரி அதே வாசலில் நின்றது. அதன் அடியில் ஆடுகள் படுத்தன, சைடு கண்ணாடியில் சிலந்தி வலை கட்டியது. காத்தவராயன் தினமும் காலையில் வந்ததும் வலையைத் துடைப்பார்; மறுநாள் சிலந்தி திரும்பக் கட்டும். இருவருக்கும் வேறு வேலை இல்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னால்தான் நிற்பார். எங்கே வளைப்பார், எங்கே வளைத்திருக்க வேண்டும் என்று அவர் தோள் தன் பாட்டுக்கு அசையும். லீலா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏக்கம் என்றால் சும்மா இல்லை. சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு, வீட்டில் சண்டை இல்லை. இருந்தும் அந்த மனிதர் மலையைப் பார்க்கும்போதெல்லாம் பசித்தவர் மாதிரிப் பார்த்தார்.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் குமரேசன் சொன்னார். “டிரைவரே, தை பொறந்தா வண்டிய காயலான் கடைக்குப் போட்டுரப் போறேன். வாசல அடச்சிகினு பேஜாரா கீது.”

காத்தவராயன் அன்றைக்கே வந்தவாசி ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஜெயவேலிடம் ஓடினார். “ஒத்தக் கையில ஓட்டற மாதிரி எதனா பண்ண முடியுமா ஜெயவேலு?”

“பவர் ஸ்டியரிங் போட்டுறலாம்ணா. நம்ம கை சும்மா சாடை காட்டினா போதும், மீதிய எண்ணெ தள்ளிக்கும்.”

குமரேசன் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். “போடுங்க. ஒரே ஒரு நடை. என்ன உக்கார வெச்சி மலைக்கு ஏத்திக் காட்டு. ஏறினா வண்டி உன்னுது, நீயே ஓட்டு. இல்லன்னா வித்துருவேன், மறுபேச்சு பேசக் கூடாது.”

ஜெயவேல் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், உடைத்துப் போட்ட ஒரு லாரியின் ஸ்டியரிங் பாக்ஸையும் பம்பையும் கொண்டுவந்தார். இஞ்சினோடு பெல்ட் போட்டுப் பம்பை ஓட்ட வேண்டும். பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்பும். கேட்கச் சுலபம். பம்பைத் தாங்கும் தகடு ஒரு நூல் கோணலாக இருந்ததால் பெல்ட் நாய்க்குட்டி மாதிரிக் கத்தியது. பிரித்து மறுபடி அடித்தார்கள். வேலூரிலிருந்து வந்த எண்ணெய்க் குழாய் ஒரு சாண் குட்டை, மறுபடி வேலூர். கடைசியில் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, காற்று வெளியேறும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் சுற்றினார்கள். எண்ணெய் நுரைத்து நுரைத்து அடங்கியது. இருபது நாளும் காத்தவராயன் பட்டறையிலேயே கிடந்தார். புதுமாப்பிள்ளைகூட அப்படிக் காத்திருக்க மாட்டான்.

மார்கழியில் ஒரு காலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி நசுக்கிக் கிளம்பினார்கள். இடது பக்கம் குமரேசன், நடுவில் ஜெயவேல்.

ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே மானம் போனது. ஐந்து வருஷம் உடம்பைக் கொடுத்துத் திருப்பிய பழக்கம் போகுமா? கொஞ்சம் வளைக்க நினைத்தால் வண்டி ரோட்டை விட்டே இறங்கப் பார்க்கிறது. திருத்தினால் அந்தப் பக்கம் பாய்கிறது. போளூர் போகும்வரை கோலம் போட்டபடியே போனார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி, “இன்னாபா, காலையிலேயேவா?” என்று கேட்டார். குமரேசன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மண் பாதையில் முதல் வளைவு எப்படியோ கடந்தது. இரண்டாவது மொட்டைப் பாறை. காத்தவராயனுக்குத் தன்னை அறியாமல் இடது கால் ஊன்றியது, உடம்பு எழுந்தது, பலமுள்ள இடது கை முழு வேகத்தில் இழுத்தது. அந்த வேகத்துக்கு வண்டி மண்சுவரில் மூக்கைச் செருகி நின்றது. குமரேசனின் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

“கைதான் போச்சுன்னு பாத்தா கண்ணும் போச்சா? போதும் சாமி. ஜெயவேலு, நீ எடு. ஜல்தி கீழ எறக்கு.”

ஜெயவேல் டிரைவர் பக்கம் நகரப் பார்த்தார். காத்தவராயன் எழவில்லை. அவர் கண் கலங்கிவிட்டிருந்தது. “மொதலாளி, இன்னும் ஒரே ஒரு வளைவு. அதுவும் தப்பினா நானே எறங்கி நடந்து போயிர்றேன்.”

குமரேசன் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஜெயவேலைப் பழைய இடத்திலேயே உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

காத்தவராயன் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவருக்கு ஒன்று புரிந்திருந்தது. கெடுப்பது கெட்ட கை இல்லை, நல்ல கை. அதற்குத்தான் பழசெல்லாம் தெரியும். இடது கையை கியரோடு நிறுத்திக்கொண்டார். வலது கையை மட்டும் ஸ்டியரிங் மேல் வைத்தார். ஒரு குடம் தூக்க முடியாத கை. அதனால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவுதான் தள்ளியது. நாவல் மரத்து வளைவில் வண்டி அந்தப் பெரிய டயர்களை மெதுவாகத் திருப்பிக்கொண்டு, பாதையின் நடுவிலேயே ஏறியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. மாமியார் முழங்கையைக்கூட ஒரே மடக்கில் கடந்தார். ஓடைக் கற்களில் சக்கரம் குதித்தபோதும் ஸ்டியரிங் பிடுங்கவில்லை.

“அப்பாடா” என்றார் குமரேசன். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லாத்தான் கீது டிரைவரே. இனிமே யாரு வேணா ஓட்டலாம் போல” என்று மனசார மெச்சினார். காத்தவராயன் தலையை மட்டும் ஆட்டினார்.

மேலே சாமை மூட்டை ஏற்ற ஆரம்பித்தார்கள். குமரேசன் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். ஜெயவேல் டீ தேடிப் போனார். காத்தவராயன் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷம் ஏங்கிய இடம் இது. சட்டை நனையவில்லை, மூச்சு வாங்கவில்லை. வழியெல்லாம் சரளை வந்தது, வேர் வந்தது, பாறை வந்தது. உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி அவரை ஏற்றிக்கொண்டு வந்ததே தவிர அவரோடு பேசவில்லை.

கையை நீட்டி இஞ்சினை அணைத்தார். பம்பு நின்றது. எண்ணெயின் அழுத்தமும் இறங்கிப்போனது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பழைய பாரம் அப்படியே இருந்தது. சீட்டிலிருந்து பாதி எழுந்து, இடது காலை ஊன்றி, தோளைச் சாய்த்துக் கொடுத்தார். வலது தோளிலிருந்து விரல் நுனிவரை வலி கொளுத்தியது. டயர் ஒரு விரற்கடை திரும்பியது. அதன் அடியில் சரளை நொறுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது.

“அண்ணா, மூட்ட ஏத்தியாச்சி, எடுங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“இரு, வர்றேன்” என்றார் காத்தவராயன். ஆனால் இஞ்சினைப் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை திருப்பினார்.