நிற்பதா, உட்காருவதா

பெரியம்மாவின் இடுப்பிலிருந்து பாதம் வரை போட்டிருந்த மாவுக்கட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வங்காளத்தில் நாங்கள் கூட்டாகக் குடியிருந்த பவானிபூர் வீட்டின் முன்னறைக் கட்டிலில் அதோடு படுத்தபடியே அவள் சமையலறையை ஆண்டுகொண்டிருந்தாள். குழந்தைகள் நாங்கள் போய்க் கட்டைத் தட்டிப் பார்ப்போம். "உள்ளே யாரும் இல்லைடா, அப்புறம் வாங்கோ" என்பாள்.

அவளுக்கு வந்தது அபூர்வமான நோய். இடுப்பு மூட்டு மெல்ல இறுகி, எலும்போடு எலும்பு ஒட்டி, ஒரு தொடை மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. உட்கார்ந்திருக்கையில் அவ்வளவாகத் தெரியாது. எழுந்தால் முழங்காலில் கையை ஊன்றி, குனிந்துதான் நடப்பாள். வங்காளி சர்ஜன் பூசி மெழுகாமல் சொன்னார். மூட்டை இனி அசைய வைக்க முடியாது. அதற்குக் கீழே எலும்பை வெட்டி, காலை நேராக்கிக் கட்டுப் போட்டால் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் தரையில் உட்காருவது அதோடு போயிற்று. நிற்க வேண்டுமா, உட்கார வேண்டுமா, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றாராம்.

வீட்டில் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். காய் நறுக்குவது, அரைப்பது, பூஜை, சாப்பாடு எல்லாமே தரையில் நடக்கும் வீடு. கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி உத்தியோகம் பார்த்த பெரியப்பா ஆசாரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். "நின்னுண்டு சாப்பிடற வழக்கம் நம்மாத்துல கிடையாது" என்றார். கத்தியை நினைத்து அவர் பயந்திருக்கவும் வேண்டும். எல்லோரும் ஓய்ந்த பிறகு பெரியம்மா வாயைத் திறந்தாள். "உக்காந்தது போறும். எல்லாரோட இடுப்பையும் பார்த்துப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு. எனக்கு மூஞ்சியைப் பார்க்கணும்."

குளோரோபாரம் கொடுத்து அறுத்தார்கள். புண் ஆறி, கட்டுப் பிரித்து, கைத்தடியோடு அவள் நடக்கத் தொடங்கியபோது கரியடுப்பு மேஜைமேல் ஏறியது.

இப்போது ஆபீஸ் விருந்துகளில் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிடுகிறோம். என் வயதுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ மனசு நிறைந்துவிடுகிறது, பெரியம்மா முதன்முதலாக நின்று சமைத்த அந்த நாள் கண்முன் வந்து நிற்கும். பெரியப்பாவுக்குக் கூடத்தில் மணையும் இலையும் போட்டாயிற்று. தனக்குரிய இலையைப் பெரியம்மா ஜன்னல் விளிம்பில் ஒதுக்கி வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை. அந்த இலையையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தன் இலையை எடுத்துப்போய் அதன் பக்கத்தில் விரித்து, "ரெண்டு பேருக்கும் இங்கேயே போடு" என்று என் அம்மாவிடம் சொன்னார்.

விளிம்பு சரிவாக இருந்ததால் ரசம் வழிந்து அவர் வேட்டியை நனைத்தது. பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் நாங்கள் கவனித்தோம், அவள் அவரைவிட உயரம். பெரியப்பா அவளை அண்ணாந்து பார்த்து, "உப்பு ஒரு கல் கம்மி" என்றார்.