ஆலயத்துக்குள் ஓடிய பாவு

என் அக்கா என்னோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளியூரில் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீடுதான். கீழே நானும் என் மனைவியும், மாடியில் அவள். காலையில் காபி குடிக்க இறங்கி வருவாள், எனக்கு எதிரிலேயே உட்காருவாள். "உன் வீட்டுக்காரன் கைல இருக்கற பேப்பரைக் குடுக்கச் சொல்லு" என்று அடுப்படியில் நிற்கும் என் மனைவியிடம் சத்தமாகச் சொல்வாள். நான் பேப்பரை நீட்டுவேன். வாங்கிக்கொண்டு என் மனைவியைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

காரணம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் எங்கள் சபையின் பழைய ஆலயம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, சின்னது, கனமான சுண்ணாம்புச் சுவர், மேலே ஓடு. சுற்றிலும் நெசவாளர் வீடுகள். போதகர் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போதும் பக்கத்து வீட்டுத் தறி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். சபை பெருகி பைபாஸ் பக்கம் பெரிய ஆலயம் கட்டிப் போன பிறகு, பழையதில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஜெபக்கூட்டம் மட்டும் நடந்தது. பத்துப் பேர் வந்தால் அதிகம். மழைக்கு ஓடு ஒழுகியது. தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க, பெண்கள் தையல் பழக, மருத்துவ முகாம் நடத்த அவர்களுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. சபைக் கமிட்டி கூடிப் பேசியது. நானும் கமிட்டியில் இருந்தேன். கொடுக்கலாமா என்று போதகர் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் நான்தான்.

செய்தது சரி என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். நான் வேலை பார்த்தது சர்வேயராக. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. மனிதர் நுழையாத இடத்தில் வௌவால் நுழையும், அவ்வளவுதான் என் சாஸ்திரம். ஆனால் அக்காவுக்கு அது கட்டடம் இல்லை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்த ஷிப்டாக இருந்தாலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த ஆலயத்தைப் பெருக்கி, பீடத்துத் துணி மாற்றி, பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்து வைத்துவிட்டு வருவாள். இளம் வயதில் தொடங்கியது, தலை நரைக்கும் வரை நடந்தது.

பேராயர் வந்து ஜெபித்து ஆலயத்தை முறைப்படி மூடிய அன்று அவள் வரவில்லை. சிலுவையும் பீடத்து மேசையும் புது ஆலயத்துக்குப் போயின. தெருக்காரர்கள் வெள்ளையடித்து, "சமுதாய இல்லம்" என்று போர்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா அந்தத் தெருவில் கால் வைக்கவே இல்லை. மருந்துக் கடைக்கு அந்த வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அவள் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடப்பாள்.

போன ஐப்பசியில் இல்லத்தின் சாவியை வைத்திருக்கும் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் தறி வைத்திருக்கும் ஒருவரின் மனைவி. அங்கிருக்கும் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரஷர் பார்க்கும் முகாம், வர வேண்டிய நர்ஸ் டெங்கு காய்ச்சலில் படுத்துவிட்டார். அக்காவை வரச் சொல்லிக் கேட்டாள்.

"நான் அங்க வர்றதில்லமா" என்றாள் அக்கா.

"தெரியும் நர்சம்மா. தறிக்குழியில உக்காந்துக்கினே பாதிப் பேருக்கு பிரஷர் ஏறிக் கெடக்குது. போன மாசம் எங்க பக்கத்து வூட்டாளு தறியிலயே சாஞ்சிட்டாரு. நீங்க வரலேன்னா முகாமே இல்ல."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். நோயாளி என்று சொல்லிவிட்டால் அவளால் மறுக்க முடியாது, அது அவளுடைய பலவீனம். "பத்து மணிக்குத்தான? வரேன்" என்றாள். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரனை ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடச் சொல்லு" என்றாள். நான் ஒரு அடி தூரத்தில் தோசை தின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அக்கா எங்கேயும் நேரத்துக்குப் போகிறவள் இல்லை, நேரத்துக்கு முன்னால் போகிறவள். எட்டரைக்கெல்லாம் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். பின்னால் உட்கார்ந்து, திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் என் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு வழி காட்டினாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தோளில் அந்தக் கை பட்டது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முன்வாசலை நெருங்க முடியவில்லை. வராந்தாவில் ஒரு கம்பு நட்டு, கதவு வழியாக உள்ளேயிருந்து ஏதோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். அக்கா யோசிக்காமல் இடது பக்கம் திரும்பி அந்தப் பக்கக் கதவுக்குப் போனாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு வலது பக்கக் கதவுக்குப் போனேன். உள்ளே நுழைந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலது, பெண்கள் இடது. சின்ன வயதிலிருந்து நுழைந்த கதவில்தான் இருவரும் நுழைந்திருக்கிறோம்.

நடுவே, பீடம் இருந்த மேடையிலிருந்து முன்வாசல் வரை, இடுப்பு உயரத்தில் ஒரு பாவு ஓடியது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, காய வைத்துச் சுருட்டுவார்கள். தெருவில் செய்கிற வேலை. மழை நாளில் தெருவில் முடியாது. அதனால் சாவிக்காரியின் கணவர் இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார். குங்குமச் சிவப்பில், மூன்று சேலைக்கான பாவு. இரண்டு பக்கமும் நாலைந்து பேர் நின்று கஞ்சி தொட்டு நீவிக்கொண்டிருந்தார்கள். எல்லா மின்விசிறியும் சுற்றின.

"சார், பத்து மணிக்குள்ள சுருட்டிடுவேன், கோச்சுக்காதீங்க" என்றார் சாவிக்காரியின் கணவர். "அது வரைக்கும் யாரும் தாண்டாதீங்கபா. குனிஞ்சும் போவாதீங்க."

நான் மேடையைப் பார்த்தேன். பீடம் இருந்த இடத்தில் இரண்டு தையல் மிஷின், ஒரு தண்ணீர் கேன், குழந்தைகளை எடை பார்க்கும் தராசு, கரும்பலகையில் பாதி அழிந்த வகுத்தல் கணக்கு. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பார்த்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பு போடாத காலால் ஒரு முறை தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மூலை மூலையா பெருக்கறாங்களா?" என்று சாவிக்காரியிடம் கேட்டாள்.

"தெனம் நர்சம்மா."

"சரி."

சும்மா நிற்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. நான் என் பக்கத்தில் ஒருவருக்கு உதவியாகக் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இழைகளைக் குனிந்து பார்த்தாள். நெசவு எங்கள் தொழில் இல்லை. ஆனால் இந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அறுந்த இழையைக் கண்டுபிடிக்கவும் முடி போடவும் தெரியும்.

எனக்கு நேர் எதிரே ஒரு இழை அறுந்தது. அறுந்த ஒரு முனை அக்கா கையில் இருந்தது, இன்னொன்று என் பக்கம் சரிந்துவிட்டது. அவள் சாவிக்காரியின் கணவரைப் பார்த்தாள், அவர் மறு கோடியில் இருந்தார். சாவிக்காரியைப் பார்த்தாள், அவள் கிண்ணம் கழுவப் போயிருந்தாள். என்னிடம் சொல்லச் சொல்லி அனுப்ப அவளுக்குப் பழக்கமானவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

"டேய்" என்றாள். "உன் பக்கம் வுழுந்துடுச்சு பாரு. எடு."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்து இழையே தெரியவில்லை. தடவித் தடவி முனையைப் பிடித்து நீட்டினேன். விரலை எச்சில் தொட்டு அவள் முடி போட ஆரம்பித்தாள்.

நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு, "எடம் நல்லாத்தான் வச்சிருக்காங்க இல்ல அக்கா?" என்றேன். "அன்னைக்கு நான் கை தூக்குனது தப்பு இல்லன்னு இப்பவாவது..."

"கை தூக்குனதுக்கா நான் பேசலேன்னு நெனச்சிக்கினு இருக்கே?"

நான் விழித்தேன்.

"கமிட்டி கூடினது வியாழக்கெழமை. ஞாயித்துக்கெழமை ஆராதனையில போதகர் ஐயா முடிவ வாசிச்சாரு, அன்னைக்கே எங்கிட்ட இருந்த சாவியையும் வாங்கிக்கினாரு. நடுவுல ஒரு சனிக்கெழமை இருந்துச்சு." அவள் குரல் ஏறவே இல்லை, கண்ணும் முடிச்சை விட்டு நகரவில்லை. "நான் தொடப்பத்த எடுத்துக்கினு எறங்கி வரேன். நீ வாசல்ல உக்காந்துக்கினு பேப்பர் படிக்கற. என்னைப் பாத்தே. ஆலயத்துக்கா அக்கான்னு கேட்டே. நானும் ஆமாண்டான்னு சொல்லிட்டுப் போனேன்."

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று வருடமாக அதை நினைக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கமிட்டி முடிவை அறிவிக்கும் முன் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விதி இருந்தது நிஜம். அது காரணம் இல்லை.

"ஏன்டா சொல்லலே?"

"நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம் அக்கா. நீ சொன்னா என்னால தட்ட முடியாது." பக்கத்தில் கஞ்சி பூசிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். நாலு பேர் காதில் விழும்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தப்புதான்."

"நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒழுவற கூரைய நான் பாக்காததா? சரின்னுதான் சொல்லியிருப்பேன்." முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நின்றது. "அன்னைக்கும் வழக்கம்போல பெருக்கினேன், வெளக்கு தேச்சேன், வூட்ல ஒல வெக்கணும்னு அவசரமா பூட்டிட்டு வந்துட்டேன். கடைசித் தடவைன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்திருப்பேன்டா."

அவள் அடுத்த இழைக்கு நகர்ந்துவிட்டாள்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாவைச் சுருட்டினார்கள். நெசவாளரும் மற்றவர்களும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவிக்காரி மேடையில் மேசை போட்டாள். வராந்தாவில் அதற்குள் முப்பது பேர் குடையோடு சேர்ந்துவிட்டார்கள். மழை நாளில் எல்லோருக்கும் அவசரம். அக்கா மேசைக்குப் போகவில்லை. இடது பக்கம், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நர்சம்மா ரெடியா சார்? உள்ள வுடலாமா?" என்று சாவிக்காரி கேட்டாள்.

நான் முன்வாசலுக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொண்டேன். "கொஞ்சம் நேரம் ஆகும்மா" என்றேன். பத்து மணி அடித்தது, பத்தே கால் ஆனது. வேலைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டார், இன்னொருவர் என்னை யார் என்றே கேட்டார். அவள் தானாக எழுந்திருக்கும் வரை நான் ஒருவரையும் உள்ளே விடவில்லை.