இறக்கி வைக்காத கூடை

மகளுடைய தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தில் நேற்று ஒரு கேள்வி: ‘பதவி விலகுதல்’, எதிர்ச்சொல் எழுதுக. அவள் ‘பதவி ஏற்றல்’ என்று எழுதியிருந்தாள். சரியான விடைதான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஏற்பதில் என்ன பெரிய காரியம்? மாலை போட்டால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள். பிடுங்க வரும்போது விடாமல் நிற்பதற்கல்லவா ஒரு சொல் வேண்டும்! அப்படியொன்றை நான் காதால் கேட்டிருக்கிறேன். என்ன, அது தமிழ் இல்லை.

பள்ளி முடித்த புதிதில், பிரிஞ்சாங் என்ற மலையூரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் எனக்குத் தட்டச்சு வேலை. புது நாடாவின் மை வாசனையும் ஆலையிலிருந்து வரும் இலை வாசனையும் கலந்தால், அதுதான் எனக்கு உத்தியோக வாசனை. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் நல்ல தேர்ச்சி என்று கொஞ்சம் தலைக்கனம் வேறு. பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், சொன்னதைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பேன். என்ன அடிக்கிறோம் என்று யோசிக்கிற வழக்கம்தான் கிடையாது.

ஒருநாள் அவர் அடிக்கச் சொன்னது ராஜினாமாக் கடிதம். பாக்கியம் அக்கா தன் விருப்பப்படியே விலகுகிறாராம். அக்கா கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரண்டு வருடமாகத் தற்காலிகக் கங்காணி. அந்த இடத்தில் கிராணி தன் மச்சானை வைக்கப் பார்த்தார். மலாயில் ராஜினாமாவுக்கு ‘மெலெத்தாக் ஜவாத்தான்’ என்பார்கள். லெத்தாக் என்றால் வைப்பது, ஜவாத்தான் என்றால் பதவி. அக்காவுக்குப் பேச்சு மலாய் வரும், ஆபீஸ் மலாய் வராது. கிராணி வாசித்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“பதவில வைக்கிறாங்களா? நெரந்தரமாவா? எங்க கையெழுத்துப் போடணும்?”

கிராணி திருத்தவில்லை. பேனாவை நீட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, “அதானே தங்கச்சி?” என்றார்.

சொன்னால் என் வேலை போகும். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“இல்லக்கா. இது கீழ வைக்கிறது. நீங்களா வேலைய விட்டுப் போறேன்னு எழுதியிருக்கு.”

அக்கா பேனாவை மேசைமேல் போட்டார். “கீழ வைக்கிறதா? கூடை ரொம்புனாதான்லா எறக்குவோம். எனக்கு இன்னும் ரொம்பல.”

மறுநாள் மதியம் எடை போடும் நேரம். முப்பது பெண்களும் முதுகில் நிறைந்த கூடையோடு தராசைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் இறக்கவில்லை. ஈரக் கொழுந்தை அப்படியே அடைத்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். தோட்டத்து மேனேஜர் துரை ஜீப்பில் பறந்து வந்தார்.

“லெத்தாக்! லெத்தாக்லா!” என்று கத்தினார்.

“தாக் மாவ் லெத்தாக்!” என்றார்கள் முப்பது பேரும். வைக்க மாட்டோம்! அது மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கடிதத்தின் கார்பன் நகலை நீட்டி, அக்கா இதை எழுதச் சொல்லவே இல்லை என்றேன். நானா என்று எனக்கே இன்றும் ஆச்சரியம். படித்தார், கிராணியை ஒரு பார்வை பார்த்தார், நாலாகக் கிழித்தார். “பாக்கியம் கங்காணி. தெத்தாப்,” என்றார். தெத்தாப் என்றால் நிரந்தரம். கூடைகள் தொப்தொப்பென்று இறங்கின. நான் ஆபீஸ் மரியாதையெல்லாம் மறந்து கைதட்டினேன். கிராணி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருந்தது.

அக்கா ஓய்வு பெறும் வயதுவரை கங்காணியாக இருந்தார். கடைசி நாளில் யாரும் கேட்காமலே தானே ஒரு கூடை பறித்து வந்தார். தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இப்ப ரொம்பிருச்சு தங்கச்சி. இப்ப லெத்தாக்.”

இன்று அந்தத் தராசும் இல்லை, கூடைகளும் இல்லை. மெஷின் வெட்டுகிறது, சாக்கில் போகிறது. எடை போட்ட கொட்டகை இருந்த இடத்தில் சுற்றுலா வந்தவர்களின் கார்கள் நிற்கின்றன. அக்காவும் போய்விட்டார்.

மகளின் விடைக்குப் பக்கத்தில் பேனாவால் ‘தாக் மாவ் லெத்தாக்’ என்று எழுதி வைத்தேன்.

“அம்மா, டீச்சர் ஏசுவாங்க. அழிங்கம்மா!”

மாட்டேன் என்றேன்.