பெரியம்மா சொல்லாத வசனம்

முதல் நன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, எடுப்பதற்காகச் செபங்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்த ஒன்பது வயதில்தான், பெரியம்மாவின் பிழையைக் கண்டுபிடித்தேன்.

முள்ளிவாய்க்காலுக்குக் கிட்ட, கடற்கரையோரம் எங்கள் வீடு. அப்பா பின்னேரமே கடலுக்குப் போய்விடுவார். பொழுதுபடும் நேரத்தில் அம்மா, பெரியம்மா, நான் மூவரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்வோம். பெரியம்மா அம்மாவின் தமக்கை. பகலில் கருவாட்டு வாடியில் வேலை செய்வார். அவருடைய கணவர் நோயில் இறந்து நெடுங்காலம். ஒரே மகள், எனக்கு அக்கா முறை, பன்னிரண்டு வயதில் கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து இறந்துபோனார். சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த படத்தில்தான் அக்காவை எனக்குத் தெரியும்.

செபமாலையில் வரும் பரலோக மந்திரத்தின் முற்பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வது வழக்கம். கடவுளின் சித்தம் பூமியிலும் நடக்கட்டும் என்று வேண்டுவதோடு முற்பாதி முடியும். தன் முறை வரும்போது பெரியம்மா அந்த வசனத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடுவார். அம்மா அதை எடுத்துச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பிற்பாதிக்குப் போய்விடுவார்.

மூன்று நாள் கவனித்தேன். மறதிதான் என்று முடிவுகட்டினேன். கொப்பித் தாளில் அந்த வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பெரியம்மாவின் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டினேன். எழுத்து வடிவாயிருக்கு என்று பாராட்டினார். அன்று மாலையும் அதே இடத்தில் நின்றார்.

ஒரு வசனத்தை விட்டுவிட்டுச் சொன்னால் செபம் கடவுளிடம் போய்ச் சேருமா என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். யார் விடுவது என்று அவர் கேட்டார். சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சிஸ்டரின் ஸ்கூட்டர் எங்கள் படலை வாசலில் வந்து நின்றது. இனிப் பெரியம்மாவுக்கு நன்மை கொடுக்கமாட்டார்கள், எல்லாம் என்னால்தான் என்று பயந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

பெரியம்மா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, சிஸ்டர் கேட்குமுன்பே சொன்னார்:

"மறக்கேல்ல, சிஸ்டர். அந்த ஒண்டு மட்டும் இன்னும் வாயில வருகுதில்லை. மனசில இல்லாததைச் சொல்லி ஆண்டவரை ஏய்க்கக் கூடாதுதானே. ஆனா செபத்தை விடேல்ல. ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரைக்கும் போறன். அவர் பொறுத்திருப்பார் எண்டு நம்பிறன்."

புத்திமதி வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. சிஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "இண்டைக்கு நானும் உங்களோட இருந்து செபம் சொல்லுறன்" என்றார்.

அன்று மாலை பெரியம்மா வழமையான இடத்தில் நின்றார். அம்மா வாயெடுக்கப் போக, சிஸ்டர் அவரது கையை மெல்லத் தொட்டார். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. எல்லோருக்குமே வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். செபம் பாதியில் நிற்கிறதே என்ற பதற்றத்தில் நானே அதைச் சத்தமாகச் சொன்னேன்.

பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, பிற்பாதியைத் தொடங்கினார்.

அடுத்த நாளிலிருந்து அந்த வசனம் என் பொறுப்பாயிற்று. தன் முறை வந்தால் பெரியம்மா அங்கே நின்று என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். எல்லோரையும்விட எனக்குத்தான் செபம் நன்றாகப் பாடம் என்று வகுப்பில் பெருமையடித்துத் திரிந்தேன்.

பதினாறு வயதில்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். கடைசிச் சண்டை நாட்களில் அம்மாவுக்குக் காலில் காயம். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெரியம்மா. அக்கா அவரது சட்டையைப் பிடித்தபடி பின்னால் வந்திருக்கிறார். செல் விழுந்தபோது பெரியம்மாவின் இரண்டு கைகளிலும் இருந்தது நான்.

ஒவ்வொரு மாலையும், நான் அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உச்சரிப்புச் சரியா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.